பெரியப்பா கட்டிய மஞ்சள் துணி

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் எடுப்பது நான்தான். மதுரையில் எங்கள் நிறுவனத்துக்கு மரம் பராமரிப்பதுதான் தொழில். கல்லூரி, ஆஸ்பத்திரி, மில் என்று பெரிய மரம் நிற்கிற இடத்துக்கெல்லாம் போய், இடுப்பில் பெல்ட் மாட்டிக் கயிற்றில் ஏறி, பட்ட கிளையைக் கழிப்பதும் நோய் பார்ப்பதும் எங்கள் வேலை. சேருகிறவர்களின் கண் நேராக ரம்பத்துக்குத்தான் போகும். முதலில் வார்த்தை, அப்புறம்தான் ரம்பம் என்று நான் உட்கார வைத்துவிடுவேன்.

கிளை தண்டோடு சேருகிற இடத்தில் மடிப்பாகப் பருத்திருக்கிறதே, அது கழுத்து. கிளையை எடுக்கும்போது கழுத்தை வெட்டிவிடக் கூடாது, குச்சியாக நீட்டிக்கொண்டும் விடக் கூடாது. கனத்த கிளையென்றால் மேலே அறுப்பதற்கு முன்னால் அடியில் கொஞ்சம் அறுத்துக்கொள்ள வேண்டும், அது அடிவெட்டு. அதைச் செய்யாவிட்டால் கிளை பாதியில் முறிந்து, தண்டின் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். இதையெல்லாம் நான் சிரித்துப் பேசித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். வளையம் என்கிற வார்த்தைக்கு வரும்போதுதான் என் குரல் மாறிவிடுகிறதாம். தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை முழுசாக உரித்து எடுத்துவிடுவதற்கு வளையம் போடுவது என்று பெயர். மரத்தை வெட்டாமலே கொல்லுகிற வழி அது. போன மாதம் ஒரு பெண் கையைத் தூக்கி, "அக்கா, எங்களை ஏன் திட்டுறீங்க?" என்று கேட்டேவிட்டாள். நான் திட்டியது அவளை இல்லை, என் பெரியப்பாவை.

எனக்கு அப்போது பத்து வயது. ராஜபாளையத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் முன்னால் எங்கள் வீடு, பக்கத்தில் பெரியப்பா வீடு, பின்னால் பெரியப்பாவின் தறி ஷெட். ஷெட்டில் ஓடியது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிக்குப் போகிற, கண்ணறை கண்ணறையாக இருக்கும் வெள்ளைத் துணி. மத்தியானச் சமையல் முடிந்ததும் அம்மாவும் பெரியம்மாவும் ஷெட்டில் உட்கார்ந்து அதை உருளையாகச் சுற்றுவார்கள். அப்பா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார்.

தெருவிலிருந்து ஷெட்டுக்குப் போகிற வழியில், சரியாக நடுவில், சப்பட்டை என்கிற ரகத்து மாமரம் ஒன்று நின்றது. அப்பா பட்டாளத்துக்குப் போன வருஷம் தேவதானத்திலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்டது. காய்ப்பதில் அதற்குப் பெரிய ஆர்வம் கிடையாது. நாலைந்து வருஷமாகப் பூக்கிற மாதிரி போக்குக் காட்டிப் பத்துப் பன்னிரண்டு காயோடு நிறுத்திக்கொள்ளும். நிழலில் மட்டும் குறை வைத்ததில்லை. அதன் தாழ்ந்த கிளையில் என் ஊஞ்சல் தொங்கியது.

அந்த மரம் பெரியப்பாவின் கண்ணில் உறுத்தியது. மரம் நிற்பதால் வேன் ஷெட் வரைக்கும் வர முடியவில்லை. துணிக் கட்டுகளைத் தலையில் தூக்கித்தான் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பா லீவில் வந்திருந்தபோது பெரியப்பா இந்தப் பேச்சை எடுத்தார். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தோம். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "பச்சையா நிக்கிற வரைக்கும் அதுல கை வைக்க வேண்டாம்ணே. நான் ரிட்டயராயி வந்து அந்த நெழல்லதான் கட்டில் போட்டுப் படுக்கணும். பட்டுப்போச்சுன்னா எடுத்துக்கிடுங்க" என்றார். பெரியப்பா உடனே ஒப்புக்கொண்டார். "நீ சொன்னா செரிதாம்ப்பா. பட்டுப்போனா எடுத்துக்கிடுதேன்." பெருந்தன்மையான அண்ணன் என்று எல்லோருக்கும் மனம் நிறைந்துவிட்டது. அப்பா நிம்மதியாக எல்லைக்குப் போனார்.

அந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு அம்மா பிறந்த வீட்டுக்குப் போவதாக இருந்தது. அவள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எப்போதும் காலையில் பஸ் பிடித்துப் போய்த் தேரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுவோம். அந்தத் தடவை பெரியப்பாவே வேனில் கொண்டுபோய் விட்டார். "மூணு நாள் இருந்து நல்லாப் பாத்துட்டு வாங்க. வீட்ட நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். நாங்கள் தேர் பார்த்தோம், பால்கோவா தின்றோம், பெரியப்பாவை வாயாரப் புகழ்ந்தோம்.

திரும்பி வந்து பார்த்தால் மரம் சாமியாகியிருந்தது. என் நெஞ்சு உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. ஷெட்டில் நெய்த அதே பேண்டேஜ் துணிதான். மஞ்சளில் முக்கி, பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, முன்பக்கம் பெரிய முடிச்சாகப் போட்டிருந்தது. மேலே சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். காய்க்காத மரம் காய்க்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்து கட்டியிருப்பதாகப் பெரியப்பா சொன்னார். "இனிமே இது அம்மன் நிக்கிற மரம். கட்டுல யாரும் கை வைக்கக் கூடாது, ஊஞ்சலும் ஆடக் கூடாது" என்றார். மரத்தை வெட்டத் துடித்த மனிதர் மரத்துக்காக நேர்ந்துகொண்டாரே என்று அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்துவிட்டு அந்தத் துணிக்குக் கீழே விளக்கேற்றினாள்.

எங்கள் பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிய மரத்தை யாரும் தொட மாட்டார்கள். ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறவன்கூட ஒதுங்கிப் போவான். பூட்டுப் போட்டிருந்தால்கூட யாராவது திறந்து பார்த்திருப்பார்கள். மஞ்சள் துணியை யார் அவிழ்ப்பார்கள்? இதை யோசித்துக் கண்டுபிடித்த மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊஞ்சலை நான் விடவில்லை. பெரியப்பா வெளியே போகிற நேரம் பார்த்து ஆடினேன்.

ஐப்பசி மழையில் துணி நனைந்து சாயம் போயிற்று. மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் துணி புதிதாக மாறியிருந்தது. இந்தத் தடவை முடிச்சு இல்லை. துணியின் நுனி வெளியே தெரியாமல் உள்ளேயே மடித்துச் செருகியிருந்தது. கட்டும் முன்னைவிடத் தடித்திருந்தது. அம்மாவின் கையில் சாண நாற்றம். "முடிச்சக் காணோமேம்மா" என்றேன். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஆத்தாவே அவுத்துக்கிட்டா போல" என்றாள்.

பத்து வயதுப் பிள்ளையிடம் இப்படி ஒரு செய்தியைச் சொன்னால் அது எங்கே நிற்கும்? அம்மனே முடிச்சை அவிழ்த்துக்கொண்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மறுநாளே குங்குமப் பொட்டலத்தோடு பெண்கள் வரத் தொடங்கினார்கள். பெரியப்பா ஷெட்டிலிருந்து வேட்டி தடுக்க ஓடி வந்தார். கட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். உள்ளே செருகியிருந்த நுனியை உற்றுப் பார்த்தார். அம்மா வாசற்படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பெரியப்பா அம்மாவிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். அவள் வந்தால் எழுந்து நின்றார். என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது கூப்பிடுவதற்கு முன்னால் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். சாமி மரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மனுஷனுக்கு நல்ல புத்தி வரும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் மரம் பூத்தது. இலை தெரியாத பூ. மாசி பங்குனியில் கொத்துக் கொத்தாகக் காய் இறங்கி, சித்திரையில் கிளைகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. தளவாய்புரத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் பை நிறையக் கொண்டுபோனார்கள். பெரியப்பாவின் பக்தியைப் பேசாத வாய் இல்லை. அவரும் அடக்கமாக, "எல்லாம் அவ செயல், நம்ம கையில என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாதான் மற்ற எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தாள். ஒரு பழத்தை நறுக்கி முதல் துண்டை என் வாயில் வைத்து, "பொழச்சிருச்சுட்டி" என்றாள். காய்த்திருச்சு என்று சொல்லாமல் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மாம்பழம் வாயில் இருந்தது.

அடுத்த ஆடிக்குள் இலைகள் வெளிறின. புரட்டாசியில் நுனிக்குச்சிகள் காய்ந்தன. அம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தும் ஒரு துளிர் வரவில்லை. ஊரெல்லாம் பச்சையாக இருக்க, எங்கள் சப்பட்டை மட்டும் மொட்டையாக நின்றது.

அப்போதுதான் பெரியப்பாவுக்கு என் ஊஞ்சல் ஞாபகம் வந்தது. தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்த இடத்தில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "ஏட்டி, சாமி மரத்துல ஆடக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "ஆடுனியா இல்லையா?" அதற்கும் தலையை ஆட்டினேன். "கேட்டுக்கிட்டீகளா? அம்புட்டுக் காய் குடுத்த மரம். காலால மிதிச்சுத் தள்ளிக் கொன்னுட்டா" என்றார். பெரியம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

சாமிக் குற்றத்துக்குப் பரிகாரமும் அங்கேயே முடிவாயிற்று. மார்கழி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெருமுக்கு மாரியம்மன் கோயிலை ஈரத்துணியோடு பதினொரு சுற்றுச் சுற்றி, தப்புச் செய்துவிட்டேன் மன்னித்துக்கொள் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் நான் சொல்ல வேண்டும். சொன்னேன். பல் கிட்டித்துப் போகிற குளிரில், பாவாடை காலைச் சுற்றிக்கொள்ள, பதினொரு தடவை சொன்னேன்.

தை பிறந்ததும் மரத்தை வெட்ட ஆள் வந்தது. முந்தின நாளே அம்மா எங்களை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு அந்தத் துணியைப் பிரித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துணிக்குள்ளிருந்து காய்ந்த களிமண்ணும் சாணமும் பாளம் பாளமாக விழுந்தன. வெட்ட வந்தவர்கள் தரையோடு வெட்டத்தான் குனிந்தார்கள். பெரியப்பா விடவில்லை. என் நெஞ்சு உயரத்தில், துணி இருந்த இடத்தைக் கையால் காட்டி, "மொதல்ல இங்க போடு, பொறவு அடியப் பாத்துக்கிடலாம்" என்றார். கோடாலி விழுந்து விழுந்து அந்த இடம் சிராய்ச் சிராயாகப் பறந்தது. எந்த ஊரிலும் நெஞ்சு உயரத்தில் யாரும் மரம் சாய்ப்பதில்லை.

இடையில் ஒரு வருஷம் லீவு கிடைக்காத அப்பா சித்திரையில்தான் வந்தார். மரம் நின்ற இடத்தில் வேன் நின்றது. நான் அழுதுகொண்டே போய், நான்தான் அப்பா ஊஞ்சலாடிக் கொன்றுவிட்டேன் என்று சொன்னேன். அப்பா என் தலையில் கை வைத்து, "மரந்தான, போனாப் போவுது" என்றார். மறுநாள் உச்சி வெயிலில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் போட்டுப் படுத்தார். வேன்காரன் ஹாரன் அடிக்கத் தயங்கி நின்றான். அரை மணி நேரம் கழித்துக் கட்டிலை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த மரத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதம், ஒரு பாடத்தில் வளையம் போட்ட மரத்தைப் பற்றிச் சொன்னார்கள். இலையில் உண்டாகும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். பட்டையை உரித்துவிட்டால் அது மேலேயே தங்கிவிடும். அதனால் அடுத்த பருவத்தில் மரம் எப்போதும் இல்லாத அளவுக்குப் பூக்கும், காய்க்கும். பார்க்கிறவர்கள் மரம் செழிப்பாக இருப்பதாக நினைப்பார்கள். கீழே வேர் பட்டினி கிடக்கும். பிறகு இலை வெளிறும், நுனி காயும், மரம் போய்விடும். நான் நோட்டை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு வார்த்தையும் அன்றைக்குச் சொன்னார்கள், பாலம் ஒட்டுவது. உரித்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள பட்டையில் அதே மரத்தின் இளங்குச்சிகளைச் செருகி இணைத்தால், அவை பிடித்துக்கொண்டு சாப்பாட்டைக் கீழே இறக்கும். வேர் சோர்வதற்கு முன்னால் செய்துவிட்டால் மரம் பிழைக்க வழி உண்டு. தேவதானம் தோப்புகளில் ஒட்டுக்கட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஐப்பசியில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் யார் உரித்தது என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் மறுக்கவில்லை. நனைந்த துணியை மாற்றப் பிரித்தபோது வெள்ளையாக ஒரு சாணுக்குத் தண்டு தெரிந்ததாம். அரிவாள் தடம் அப்படியே இருந்ததாம். சாணமும் களிமண்ணும் குழைத்து அப்பி, ஷெட்டில் சுற்றுகிற மாதிரியே சுற்றிச் செருகிவிட்டாளாம். பூத்துக் காய்த்ததும் ஆறிவிட்டதென்று நம்பினாளாம்.

"ஏம்மா யார்ட்டயும் சொல்லல?" என்றேன்.

"யார்ட்டச் சொல்ல? உங்க அப்பா கோவம் உனக்குத் தெரியாது. துப்பாக்கி தூக்குத மனுசன். அண்ணனும் தம்பியும் வெட்டிக்கிட்டு நிக்கவா? அவிய எல்லையில கெடக்காவ, உன் தம்பிக்கு ஒண்ணுன்னா ஓடுததுக்கு இங்க யாரு இருந்தா? மரம் போனா ஒரு மரந்தான்னு இருந்துட்டேன்."

"என்னையச் சொன்னாங்களேம்மா. ஊர் முன்னால என்னையச் சொன்னாங்களே."

"நீ சின்னப் புள்ள. மறந்துருவன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் மறக்கவில்லை. மறக்கப் பெரியப்பாவும் விடுவதில்லை. போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எதிரே உட்கார்ந்துகொண்டு, என் வேலையைப் பற்றிக் கேட்ட யாரிடமோ, "இவ சின்னப் புள்ளையில ஒரு மாமரத்தக் கொன்னவ. அந்தப் பாவத்துக்குத்தான் இப்ப ஊரு மரத்துக்கெல்லாம் வைத்தியம் பாக்கா" என்று சொல்லிச் சிரித்தார். பந்தியே சிரித்தது. எண்பது வயதை நெருங்கிய மனிதர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, அவ்வளவு கூசாமல் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே அம்மாவின் கை வந்து என் முழங்காலை அழுத்தியது. அப்பா இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோபம் பெரியப்பாமேல் கொஞ்சம், அம்மாமேல் கொஞ்சம், மீதி என்மேல்.

ஆனால் அந்த மார்கழிக் காலையை நினைக்கும்போது ஒன்று மட்டும் குறுக்கே வருகிறது. பரிகாரம் எனக்குத்தான். அம்மாவை யாரும் சுற்றச் சொல்லவில்லை. கிணற்றடியில் என் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதே வாளியில் மொண்டு தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாள். சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு, எனக்கு இரண்டடி பின்னால், பதினொரு சுற்றும் கூடவே வந்தாள். தப்புச் செய்துவிட்டேன் மன்னித்துக்கொள் என்று நான் சொல்லும்போதெல்லாம் பின்னால் அவள் உதடும் அசைவதைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு சுற்றுக் குறைத்து ஏமாற்றிவிடுவேனோ என்று எனக்குப் பின்னால் எண்ணிக்கொண்டு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம் வந்தது.